தேசப்பன் மாட்டித் தராத செயின்

தேசப்பன் என் முன்பல் இரண்டை உடைத்ததைக்கூட மன்னித்துவிட்டேன். ஏன் அடிக்கிறேன் என்று சொல்லாமல் அடித்தானே, அந்த ஆத்திரம் ஒன்பது வருஷமாகியும் அடங்கவில்லை.

முகத்துவாரக்குப்பத்துக்காரன். ஒற்றைக் கண். இன்னொன்று கடலில் தூண்டில் முள் பட்டுப் போனது என்பான். கடல் தொழிலுக்குப் போவதை விட்டுவிட்டு, திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகையில் புல்வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின் எல்லாம் ரிப்பேர் பார்த்தான். கம்பெனி பார்ட்ஸ் எங்களைப் போலப் புதர் வெட்டுகிறவனுக்குக் கட்டாது. அவன் பழைய டியூபில் வாஷர் வெட்டுவான். இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றுக்கு வலைக்கயிறு. மிஷின் நுனியில் சுழன்று புல்லை அறுக்கும் நரம்புக்குச் சுறா பிடிக்கிற தங்கூசு, கெட்டி நைலான் இழை. என் மிஷினின் ஆக்சிலேட்டர் கம்பியே சைக்கிள் பிரேக் கம்பிதான்.

எண்ணூரில் ஒரு கம்பெனி காம்பவுண்டில் வேலை கிடைத்தது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். தங்கூசு பிய்ந்து பிய்ந்து போனது. அதற்குப் பதில் சைக்கிள் செயின் மாட்டித் தரச் சொன்னேன். முடியாது என்றான். பயமா நைனா என்று சிரித்தேன். கையிலிருந்த ஸ்பேனராலேயே வாயில் போட்டான். நானும் விடவில்லை, அவன் மண்டையை மேஜையில் மோதினேன். அவன் பெண்டாட்டி மங்கம்மா கொதிக்கிற டீயை எங்கள் மேல் ஊற்றித்தான் பிரித்தாள்.

"செயின் கேட்டுகினு இந்தாண்ட வந்த, மீதிப் பல்லும் இருக்காது," என்றான்.

யானைக்கவுனியில் ஒருவனிடம் செயினை மாட்டிக்கொண்டேன். ஆக்சிலேட்டர் கம்பி அப்பப்போ சிக்கிக்கொண்டு, விசையை விட்டாலும் மிஷின் ஓடியது. அதற்காக தேசப்பனிடம் போக ரோஷம் விடவில்லை.

மூன்றாம் நாள் காம்பவுண்டுக்கே வந்துவிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் அதே ஸ்பேனர். ஏதோ கத்தினான், மிஷின் சத்தத்தில் காதில் விழவில்லை. மறுபடி அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். மிரட்டுவதற்காக விசையை முழுசாக அழுத்தினேன். புதருக்குள் கிடந்த இரும்புக் கம்பியில் செயின் மோதியது. செயின் அறுந்து ஒரு துண்டு தெறித்து அவன் கழுத்தில் இறங்கியது.

மிஷினை உதறிவிட்டு ஓடி, என் தலைத்துண்டை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினேன். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

செயின் மாட்டி முதலில் ஓட்டிப் பார்த்தவனே அவன்தானாம். கண் போனது அதில்தான். வெட்கப்பட்டுக்கொண்டு கடல் மேல் பழியைப் போட்டிருக்கிறான். ஸ்பேனர் எடுத்து வந்தது செயினைக் கழற்ற. இதெல்லாம் காரியத்தன்று மங்கம்மா சொன்னது.

அப்போது எனக்கு எதுவும் தெரியாது. பின்னால் மிஷின் தரையில் கிடந்து துள்ளியது. விசையை விட்டும் கம்பி சிக்கி, மிச்சச் செயின் சுழன்றுகொண்டே இருந்தது. சத்தம் கேட்டு வேலையாட்கள் மிஷின் கிடந்த பக்கமாகவே ஓடி வந்தார்கள். தேசப்பனின் ஒற்றைக் கண் அவர்களைப் பார்த்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"என்னிய வுடு. மிஷின நிறுத்துடா மொதல்ல."