கால் வலித்த வாசகன்

எண்பதுகளில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து எங்கள் தோட்ட நூலகத்தில் ஒரு வழக்கம். படித்தவர்கள் புத்தகத்தின் கடைசி வெள்ளைத்தாளில் கருத்து எழுத வேண்டும். ஓர் இமயமலை யாத்திரை நூலைப் பாதியிலேயே மூடிவிட்டு, "மலையேற நாற்பது பக்கமா? எனக்கே கால் வலிக்கிறது" என்று மேதாவியாக எழுதிப் பெயரும் போட்டேன்.

அடுத்து அதை எடுத்தவர், லோரி விபத்தில் ஒரு காலை இழந்த செல்லம்மா அக்கா. கேள்விப்பட்டதும் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்து, கடைசியில் கோயிலில் மாட்டிக்கொண்டேன்.

"காலு வலிச்ச ஆளு நீதானா தம்பி?"

"மன்னிச்சிருங்கக்கா."

"எனக்கு இருக்கறது ஒண்ணுதான். அதுவே வலிக்கல லா. உச்சிவரைக்கும் ஏறிட்டேன். நீ எங்க நின்னுட்ட?"

"இருவதாவது பக்கத்துல."

கோயிலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாளே நூலை வாங்கி அடிவாரத்திலிருந்து தொடங்கினேன். முடித்ததும், என் பழைய கருத்துக்குக் கீழே எழுதினேன்: "இப்போது வலிக்கவில்லை."