மீன்களுக்கு ஊற்றிய நல்ல தண்ணி

மீன்கள் எல்லாம் ஒரே காலையில் செத்துப்போயின. பல் தேய்த்துக்கொண்டே வந்து தொட்டியின் விளக்கைப் போட்டேன். கப்பி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கறுப்பு மோலி ஒன்று மட்டும் மூலையில் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது. டீ வடிகட்டியால் அள்ளி, பழைய பேப்பரில் மடித்து, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன். நின்று அழ நேரமில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பெரிய எரிச்சல்.

அவை என் மீன்கள் அல்ல, என் வீட்டுக்காரரின் மீன்கள். அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நின்றுவிட்டால் நாள்கணக்கில் நகராது. கேபினிலேயே தூங்கி, ரோட்டோரத்தில் கிடைத்ததைத் தின்று, எப்போதாவது விம்கோ நகரில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறி வருவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்காருவார். "இன்னாடா, பசிக்குதா? ஆத்தா சோறு போட்லியா?" என்று மீன்களைக் கேட்பார். ஆத்தா நான்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. மருந்துக் கடையில் பகலெல்லாம் நின்று பில் போட்டுவிட்டு வருகிறவளுக்கு அந்தக் கேலி சில நாள் சிரிப்பாக இருக்கும், சில நாள் பற்றிக்கொண்டு வரும்.

போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஹாரன் சத்தம் கேட்டது.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அந்த வாடைதான்மே. நேத்து கேஸ் வாடை வந்துச்சு இல்ல, அதான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பக்கம் காற்று திரும்பினால் ஒரு நாற்றம் வரும். எங்கிருந்து வருகிறது என்று ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். இருமல் வந்தாலும், தலை வலித்தாலும், பூந்தொட்டியில் வைத்த ரோஜா பட்டுப்போனாலும் பழி அந்த வாடைமேல்தான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். அதனால் வேறெதையும் யோசிக்கவில்லை.

அதன்பிறகு அவர் வீட்டுக்கு வருவது குறைந்தது. லோடு இறக்கிவிட்டு, வண்டி நிறுத்தும் யார்டிலேயே படுத்துக்கொண்டார். வீட்டுக்கும் யார்டுக்கும் கூப்பிடு தூரம். ஏன் வரவில்லை என்று கேட்டால், "மூணு மாடி ஏறணும். ஏறி வந்து இன்னா பாக்கப் போறேன்?" என்றார். தொட்டியைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஏறி வந்து பார்க்க நான் ஒருத்தி இருக்கிறேனே! காலி வீட்டுக்கு வந்து, தனக்கு மட்டும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, சாப்பிட்டுப் படுக்கிற அலுப்பு வேறு எந்த அலுப்பையும் போலில்லை.

தொட்டியை மறுபடி ஓடவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மீன் ஆசையெல்லாம் இல்லை. அந்த மனிதர் மாடி ஏற வேண்டும், அவ்வளவுதான். கல்லையும் கண்ணாடியையும் தேய்த்துக் கழுவி, குழாயில் வந்த உப்புத் தண்ணியையே வாளி வாளியாக ஊற்றினேன். மோட்டாரைப் போட்டு, மீன் இல்லாமலே ஒரு வாரத்துக்கும் மேல் ஓடவிட்டேன். முதலில் பால் மாதிரி கலங்கி, பிறகு தானே தெளிந்தது.

எங்கள் பேட்டையில் தண்ணி இரண்டு வகை. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது, வாளியில் மஞ்சளாகப் படியும். லாரியில் வருவது நல்ல தண்ணி. அதைக் குடம் பிடித்து மேலே தூக்கி வர இடுப்பு ஒடியும். அதனால் சோற்றுக்கும் குடிக்கவும் மட்டும்தான். காய்ச்சலில் கிடந்தபோது அவர் எனக்கு நல்ல தண்ணியில் வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றினார். எங்களுக்குள் அதற்குமேல் பாசம் காட்ட வழி தெரியாது. மீன்களுக்குப் போய் யார் நல்ல தண்ணியை வீணாக்குவார்கள்?

விடுமுறை நாளில் கொளத்தூர் போனேன். வரிசையாக மீன் கடைகள். ஒரு கடையின் சுவரில் அட்டை ஒன்று ஒட்டியிருந்தார்கள்: "லாரித் தண்ணியை அப்படியே ஊற்றாதீர்கள். ஊற்றிவிட்டு, மீன் ஏன் செத்தது என்று எங்களிடம் வந்து கேட்காதீர்கள்."

படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. மீன்கள் செத்ததற்கு முந்தின நாள் அவர் வீட்டில் இருந்தார். அன்று லாரி வந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறுகிற தண்ணி. மருந்து போட்ட தண்ணி என்றால் எங்களுக்குக் கூடுதல் நம்பிக்கை. "எத்தினி நாளிக்குத்தான் உப்புத் தண்ணில கெடக்கும்? இன்னிக்கு அதுங்களும் நல்ல தண்ணி குடிக்கட்டும்" என்று சொல்லி, பழையதை இறைத்துவிட்டு, இரண்டு குடம் ஊற்றினார். அவ்வளவு சந்தோஷமாக ஊற்றினார்.

மோலி மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அவரிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். வாடையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பழியைச் சுமந்து பழகிய காற்றுதானே.

மீன் வாங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னதும் மறுநாளே வந்துவிட்டார். தொட்டி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு நேராகச் சமையலறைக்குள் போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஊத்தாத!" என்று கத்தினேன்.

"இன்னாமே, நல்ல தண்ணிதான்."

"அதான்யா ஊத்தாத. அதுல மருந்து கீது. மீனு தாங்காது."

குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப, அன்னிக்கு? வாடை இல்லியா?"

"இல்ல."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆசையாதானே ஊத்துனேன்" என்றார். பிறகு, "நீ சொல்லாம வுட்டிருக்கலாம்" என்றார்.

"சொல்லாம வுட்டா இதுங்களும்தான் சாவும்."

"இனிமே நான் தொட மாட்டேன். நீயே பாத்துக்க."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் தெம்பு இல்லை. அதற்குப் பதில் வாய் திறந்துகொண்டது. "நான் பாத்துக்க மாட்டேன்! சோறு, துணி, கடை, வாடகை, எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கினு கீறேன். இதுங்கள நீ பாத்துக்க. வூட்டுக்கு வந்து பாத்துக்க!" கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் எழுந்து, வாளியை எடுத்துப்போய்க் குழாயடியில் பிடித்துக்கொண்டு வந்தார். ஊற்றுவதற்கு முன் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு சொம்பால் மொண்டு, சத்தம் வராமல் கண்ணாடி ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

"நாளிக்கு லோடு எறக்கிட்டு நேரா வூட்டுக்கு வந்துடறேன்" என்றார்.

மீனைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.