மேகச்சிறகனின் குரல்

போன கிழமை ஜான்-டலோன் மெட்ரோ நிலையச் சுவரில் மேகச்சிறகனைக் கண்டேன். அந்தப் பறக்கும் வீரனின் புதுப்படத்து விளம்பரம். ஆள் இப்போது நல்ல பளபளப்பு. நான் அறிந்தவன் மட்டமான தாளில், சிவப்பு மை கோடு தாண்டி வழிந்த சிறகுகளோடு இருந்தவன். தமிழில் வந்த அந்தச் சித்திரக்கதைப் புத்தகத்தைத் திறந்தால் சவர்க்காரம் மணக்கும். கொழும்பிலிருந்து வரும்போது செல்வண்ணை சவர்க்காரக் கட்டிகளோடு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது.

செல்வண்ணையும் நானும் இங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். இருவருக்கும் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. அவர் புறப்பட்டபோது மகள் வதனிக்குப் பத்து மாதம். தாயும் பிள்ளையும் விசாவுக்காகக் கொழும்பில் ஓர் அறையில் காத்திருந்தார்கள். பிள்ளை தன்னை மறந்துவிடும் என்ற பயத்தில் அவர் அந்தக் கதையைக் கசெட்டில் வாசித்து அனுப்பத் தொடங்கினார். அவர்தான் மேகச்சிறகன். எனக்குக் கிடைத்தது வில்லன், காற்று, இடி. இடிக்குச் சோற்றுப்பானை மூடி. கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுவாள், அதுவும் பதிவாகிவிடும்.

புத்தகம் முடிந்ததும் சொந்தமாகக் கதை கட்டினார். மேகச்சிறகன் பனியில் வழுக்கி விழுந்தான், சிறகு ஈரமானதால் மெட்ரோவில் போனான். ஊருக்குப் போகிறவர்களிடம் கசெட்டுகளைக் கொடுத்தனுப்புவோம்.

வதனிக்கு ஆறு வயதானபோது வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் செல்வண்ணை கையை நீட்ட, அவள் தாயின் பின்னால் ஒளித்துக்கொண்டாள். வீட்டிலும் அப்படித்தான். அவர் வந்தால் அறையை விட்டுப் போய்விடுவாள். பிள்ளை மிரளக்கூடாதென்று அவரும் வாயே திறப்பதில்லை. "பிள்ளைக்கு நான் ஆரோ ஒராள்தானேடா," என்றார் வேலையில், தட்டைப் பார்த்தபடி.

ஒரு சனிக்கிழமை காலை தொலைக்காட்சியில் கார்ட்டூன் போனது. ஜன்னலில் பனி, வீடெல்லாம் வெங்காய மணம். திடீரென்று, அவள் புத்தகத்தில் பார்த்துப் பழகிய மேகச்சிறகன் பறந்து வந்து பிரெஞ்சில் ஏதோ முழங்கினான். வதனி எழும்பிவிட்டாள்.

"இது அவனில்லை! குரல் பிழை!"

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த செல்வண்ணை கத்தியை வைத்தார். கசெட்டில் பேசுகிற மேகச்சிறகன் குரலில் சொன்னார்:

"பயப்படாதை. மேகத்துக்கு மேலை நான் நிக்கிறன்."

அவள் மெல்ல மெல்லக் குசினி வாசலுக்குப் போனாள். "திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெங்காயக் கண்ணீர் என்று அவர் இரண்டு நாள் சாதித்தார். என்னைத்தான் அவள் நெடுநாள் நம்பவில்லை. "நீங்கள்தானே கெட்டவர்?" "ஓம் பிள்ளை," என்று ஒத்துக்கொண்டேன்.

வதனிக்கு இப்போது கர்க்லாண்டில் வீடு, இரண்டு பிள்ளைகள். செல்வண்ணை போய் மூன்று வருடமாகிறது. செத்தவீடு முடிந்த மறுநாள் கேட்டாள், "மாமா, ஒரு கசெட்டாவது உங்களிட்டைக் கிடக்கோ?"

என்னிடம் ஏது? எல்லாவற்றையும் கொழும்புக்கு அனுப்பிவிட்டோமே. தாயிடம் கேட்டாளாம். கொழும்பிலிருந்து புறப்படுகிற அன்று பெட்டியில் பாரம் கூடிப்போனதால் தாய் அத்தனையையும் அங்கே அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரியின் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாராம். அவர்கள் அதில் பாட்டுப் பதிந்திருப்பார்கள்.

"இனி அப்பாவே பக்கத்திலை இருப்பார், பிறகேன் கசெட் எண்டு அம்மா நினைச்சவவாம்," என்றாள் வதனி.