பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஆறு

பாப்பா, தம்பி, வேலைக்குப் போகும் வயதிலும் உங்களை இப்படித்தான் கூப்பிட வருகிறது. கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். எனக்குப் பேச வராது. தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவதும் சுமாராகத்தான் இருக்கும். ஆனாலும் நீங்கள் பார்க்காத சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட மனசு கேட்கவில்லை.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளில் சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனை முடித்து, நால்வரும் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். ரசம் வரும்போது பாப்பா போனை எடுத்து அம்மா முன்னால் நீட்டினாள். மீகோங் ஆற்றில், வியட்னாமிலிருந்து கம்போடியாவுக்கு ஒரு வாரக் கப்பல் பயணம். எனக்கும் அம்மாவுக்கும். நீங்கள் இருவரும் சேர்ந்து பணம் கட்டியிருந்தீர்கள்.

"கப்பலா? எனக்கு வாந்தி வரும்டி."

"கடல் இல்லம்மா, ஆறு. அலையே இருக்காது" என்றாள் பாப்பா.

"ஆத்துல ஏது கப்பல்? இங்க சிங்கப்பூர் ஆத்துல டூரிஸ்ட் போவாங்களே, அந்த பம்போட் மாதிரியா? அதுல எங்க படுக்கிறது?"

"ரூம் இருக்கும்மா, ஏர்கான் இருக்கு. மேல ஸ்விம்மிங் பூல் கூட இருக்கு லா" என்றான் தம்பி.

"தண்ணி மேலதான போகுது? அதுக்குள்ள ஒரு தண்ணித் தொட்டி வேறயா?"

நாம் மூவரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. இலையை மூடிவிட்டுச் சொன்னாள்: "கேன்சல் பண்ண முடியுமா பாரு பாப்பா. அந்தக் காசுல ஒரு சங்கிலி எடுத்தா பின்னாடி உனக்கே ஆகும். இது போனா போச்சு."

ரயிலேறி நம் பூன் லேக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் பாப்பா சமையலறையில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "அம்மாவுக்குப் பிடிக்கலைல்லப்பா?" ஆசையாக வாங்கியது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். அவளுக்குப் பயணம் என்றால் திருச்சி விமானம்தான். யாருக்காவது கல்யாணம், காதுகுத்து, இல்லாவிட்டால் துக்கம். இறங்கியதும் அங்கே உள்ள அடுப்படிக்குள் போய்விடுவாள். திரும்பி வந்து இரண்டு நாள் படுத்துக் கிடப்பாள். தனக்காக ஓர் ஊருக்குப் போவது என்றால் என்னவென்று அவளுக்கு யார் காட்டினோம்? நானும் சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, எங்கெங்கோ போகிற பெட்டிகளை ஏற்றிவிட்டதோடு சரி.

கடைசியில் பணம் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் அம்மா கிளம்பினாள். வியட்னாமில் கப்பல் ஏறி அறைக்குள் போனதும் பெட்டியைத் திறந்தோம். உள்ளே என்ன தெரியுமா? சோப்பு ஒரு டஜன். முகப் பவுடர். காபி பாக்கெட்டுகள், சாக்லேட், தலைவலித் தைலம், புதுத் துண்டு நான்கு, கைலி இரண்டு. அடியில் அவளுடைய சேலை இரண்டே இரண்டு. பழக்கத்தில் உள்ளே பார்க்காமலே எடை பார்த்து, கயிறு கட்டி, மேலே பேர் எழுதிய புத்திசாலி நான்தான்.

"இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டேன்.

அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியலைங்க. ஊருக்குக் கொண்டு போயே பழகி, பெட்டியத் தொறந்தா கை தானா இப்படித்தான் அடுக்குது."

"இங்க நமக்கு மாமன் மச்சான் யாரு இருக்கா?"

"கைலி உங்களுக்கு ஆகும், கட்டிக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நீங்கள் பயணத்தைக் காட்டிய நாளிலிருந்து அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

அந்தக் கப்பல் பெரிய கப்பல் இல்லை. எல்லாருடைய முகமும் ஒரே நாளில் பழகிவிடும். சோப்பும் பவுடரும் அறையைச் சுத்தம் செய்கிற பெண்ணுக்குப் போயின. பக்கத்து அறையில் ஆஸ்திரேலியக் கணவன் மனைவி இருந்தார்கள். அந்தம்மாவுக்கு முட்டிவலி என்று தெரிந்ததும் அம்மா தைலத்தோடு போய்விட்டாள். மறுநாள் காலைச் சாப்பாட்டு அறை முழுக்கத் தைல வாசனை.

ஆனால் அவளுக்கு இன்னும் விருந்தாளியாக இருக்கத் தெரியவில்லை. அறையைச் சுத்தம் செய்கிற பெண் வருவதற்கு முன்பே எழுந்து படுக்கையைத் தானே மடித்து வைப்பாள். சாப்பிட்ட தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போவாள். பரிமாறுகிறவர்கள் "நோ நோ, ஆன்ட்டி" என்று ஓடிவருவார்கள். வீட்டு நினைப்பில், "பாப்பா சாப்பிட்டிருப்பாளா?" என்பாள். "போன் பண்ணிக் கேளேன்" என்றால், "வேணாம், எப்படி இருக்குன்னு கேப்பா" என்பாள். எனக்குள் பயம்தான், இப்படியே திரும்பிவிடுவோமோ என்று.

ஆற்றுப் பயணத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. கடலில் போனால் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் கரை கூடவே வருகிறது. செங்கல் சூளை, வாழைத்தோப்பு, தண்ணீரில் மரக்கால் ஊன்றி நிற்கும் தகர வீடுகள், பாத்திரம் துலக்கும் பெண்கள், நம்மைப் பார்த்துக் கையசைக்கும் பிள்ளைகள். முகப்பில் இரண்டு கண் வரைந்த படகுகள் மணலும் பழமும் ஏற்றிக்கொண்டு போகும். நாம் எங்கும் ஓட வேண்டாம், பெட்டியை மறுபடி கட்ட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், ஊர்கள் ஒவ்வொன்றாக நம்மைத் தேடி வருகின்றன. ஒரு துறையில் ஆட்கள் சரக்கு ஏற்றியதைக் கைகட்டி நின்று பார்த்தேன். வேறொருவர் ஏற்ற நான் வேடிக்கை பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கம்போடியாவுக்குள் நுழைந்த மறுநாள் மாலை. அம்மா மேல்தளத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்திருந்தாள். பரிமாறும் பையன் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. "தேங்க் யூ பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஆற்றைப் பார்த்தாள்.

தேநீர் முடிந்ததும் அவளாகவே கேட்டாள். "போனைக் குடுங்க. பாப்பாவைக் கூப்பிடணும்."

திரையில் நீங்கள் இருவரும் தெரிந்தீர்கள். பாப்பா தயங்கித் தயங்கி, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். அம்மா போனை ஆற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். வெயில் இறங்கி, தண்ணீர் நல்ல தேன் நிறத்தில் இருந்தது.

"பாருடி. நீங்க ரெண்டு பேரும் எனக்கு வாங்கிக் குடுத்த ஆறு. எவ்ளோ பெருசு பாத்தியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தம்பிதான் பேசினான். "அம்மா, பாப்பாவை அழ வச்சிட்டீங்க. அப்ப கேன்சல் பண்ண வேணாமா?"

"டேய், வாய மூடு. அடுத்த வருஷம் எந்த ஆறுன்னு பாத்து வை" என்றாள் அம்மா.

போன் அம்மா கையில் இருந்ததால் நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவளுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் அந்த ஆஸ்திரேலியப் பெரியவர் இருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இந்தப் பயணம் என் மகளும் மகனும் கொடுத்தது, சொந்தச் சம்பாத்தியத்தில் கொடுத்தது என்று அவரிடம் சொன்னேன். நேற்றும் இதைத்தானே சொன்னீர்கள் என்று அவர் சிரித்தார்.

"டுமாரோ ஆல்ஸோ ஐ வில் டெல்" என்றேன். மறுநாளும் சொன்னேன்.