மேடேறிய கோபுரமும் பெட்டியில்லாத ரயிலும்

பொம்மைக் கட்டடம் பொம்மைக் கோபுரத்தைவிட உயர்ந்துவிட்டால் சாமிக்குக் கோபம் வருமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். வரும் என்று நம்புகிற ஒரு மனிதரிடம் ஜெப்சி வேலை பார்த்துத் தொலைத்தாள். உங்கள் பதிலைவிட அவர் பதிலுக்குத்தான் ஊரில் செல்லுபடி அதிகம்.

ஜெப்சிக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். அவளைப் பெற்ற அய்யா சூசைமுத்து நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். பாலிடெக்னிக்கில் கட்டடப் படிப்பை முடித்துவிட்டு, சென்னையில் ஒரு பட்டறையில் சேர்ந்தாள். அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறீர்களே, அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சில் செய்த மரங்களோடு ஒரு குட்டிக் குடியிருப்பை வைத்து ஆசை காட்டுவார்களே, அதைச் செய்கிற பட்டறை. கடல் தெரியும் வீடுகள் என்று ஒரு வேலை வந்தால் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மீனவர் தெருவை விட்டுவிடச் சொல்வார்கள். அந்த இடத்தில் பச்சைத் தூள் தூவி, புல்வெளி ஆக்க வேண்டும். ஜெப்சி பல கரைகளில் புல் முளைக்க வைத்தாள். கடைசியில் பசை நெடி நெஞ்சில் ஏறி இருமல் விடாமல் பிடித்தபோது ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

அவளைத் தேடி வந்தவர் கூத்தையா. இராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். ஒருமுறை துபாய் போய்வந்த நாளிலிருந்து அவருக்கு மாடிக் கிறுக்கு. லாட்ஜின் கீழ்த்தளக் கூடத்தில் யாத்திரைக்காரர்கள் பார்ப்பதற்கு ஒரு பொம்மை ரயில் விடப் போவதாகச் சொன்னார். மண்டபம் ஸ்டேஷனில் கிளம்பி, கடல் பாலம் கடந்து, தீவுக்குள் வந்து, ஐம்பது வருஷம் கழித்து வரப்போகிற இராமேஸ்வரத்தைச் சுற்றும் ரயில். அந்த வருங்கால நகரம் முழுக்க நாற்பது மாடிக் கட்டடங்கள்.

“எவ்வளவு உயரமா வேணும்னாலும் கட்டித் தாரேண்ணே,” என்றாள் ஜெப்சி. “ஒண்ணே ஒண்ணு. கரையில எங்க ஆளுக வீடு இருக்கும். அத எடுக்கச் சொல்லக்கூடாது.”

“இருக்கட்டும் தாயி. கடல்னு ஒண்ணு இருந்தா கரைன்னு ஒண்ணு இருக்கத்தானே செய்யும்,” என்றார் கூத்தையா. அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் கத்தியைக் கையில் எடுத்தாள்.

வேலை பொறுமையைத் தின்னும். ரயில் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அதனால் எல்லாமே அந்தக் கணக்குக்கு அடங்க வேண்டும். மனிதன் இரண்டு சென்டிமீட்டர், நாற்பது மாடி நாலரை அடி. அக்ரிலிக் ஷீட்டை அறுத்து, கத்தியின் முதுகால் ஜன்னல் கோடுகளைக் கீறி, உள்ளே விளக்கு வைக்க வேண்டும். மூலைகளில் கறுப்புத் தாள் ஒட்டாவிட்டால் வெளிச்சம் கசிந்து, கட்டடம் பொத்தல் விழுந்த குடம் மாதிரித் தெரியும். வண்ணம் தீட்ட பாம்பனிலிருந்து நஸீஹா வந்தாள். கல்யாண வீடுகளில் மருதாணி போடுகிறவள், கை நடுங்காது. விளம்பரப் பலகை, ஜன்னல் திரை எல்லாம் அவள் வேலை.

“எங்க வீட்டுக்காரரு ரியாதுல இந்த மாதிரி மாடியிலதான் கண்ணாடி தொடைக்கிறாரு,” என்றாள் நஸீஹா ஒரு நாள். “ஒரு ஆளக் கயித்துல தொங்க விடவா?”

“விடு. மனுசன் கை படாம எந்தக் கண்ணாடி மின்னுது?”

“ஆனா அவர மாதிரி தொந்தியெல்லாம் வைக்க முடியாது புள்ள. கயிறு அந்துரும்.”

முப்பதாவது மாடியில் நூலில் ஒரு குட்டி மனிதன் தொங்கினான். கூத்தையா அவனைக் கடைசிவரை கவனிக்கவே இல்லை.

கரையை ஜெப்சி தனிப் பலகையில் செய்தாள். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு, பாதியில் நின்ற கான்கிரீட் வீடு, சிலுவை வைத்த அந்தோணியார் குருசடி, காயப்போட்ட வலை, கருவாடு, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து சண்டை போடும் இரண்டு பெண்கள். சூசைமுத்து வந்து குனிந்து, தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். “இம்புட்டுச் சின்னதா ஆனாத்தான் நம்மளக் காசு குடுத்துப் பாக்க வருவாய்ங்க போல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் கோபுரம் வந்தது. கூத்தையா ஒரு மரச்சிற்பியிடம் சொல்லி, அளவு பிசகாமல் செதுக்கி வாங்கியிருந்தார். ஒன்றரை அடி. நகரத்தின் நடுவில் வைத்தார்கள். சுற்றிலும் மாடிகள் அதைப் போல மூன்று மடங்கு நின்றன. கூத்தையா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அடி ஆத்தி! கோபுரத்துக்கு மேலயா கட்டி வச்சிருக்க? ஊரு வெளங்குமா?”

“நீங்கதான நாப்பது மாடி கேட்டீங்க?”

“நாப்பது மாடியும் வேணும். கோபுரத்துக்குக் கீழயும் இருக்கணும்.”

“அப்ப ஒவ்வொரு மாடியிலயும் ஆளுக தவழ்ந்துதான் போகணும்ணே.”

“வாயக் கொறச்சுட்டு வழியச் சொல்லு.”

“மாடியக் கொறைங்க.”

“அது ஆகாது. நோட்டீஸ் அடிச்சாச்சு.”

மறுநாள் வழியை அவரே கண்டுபிடித்து வந்தார். கோபுரத்தை ஒரு மணல்மேட்டின்மேல் ஏற்றிவிடுவது! மேடு நாலடி. நாலடி மேடு நிற்க வேண்டுமென்றால் அடிப்பாகம் அகலமாக வேண்டும். அகலத்துக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டை எடுக்க முடியாது. மேம்பாலத்தை எடுக்க முடியாது. கூத்தையாவின் லாட்ஜ் அந்தப் பொம்மை நகரத்தில் நாற்பது மாடியாக வளர்ந்து நிற்கிறது. அதைத் தொடுவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. எல்லாவற்றையும் சுற்றி வந்த கூத்தையாவின் விரல் கரையில் வந்து நின்றது.

“அந்தக் குப்பத்த எடுத்துட்டா இடம் கெடைக்கும்ல?”

கவனியுங்கள். அந்த மனிதருக்கு மீனவர்மேல் ஒரு விரோதமும் இல்லை. தினமும் அவர்கள் பிடித்த மீனைத்தான் சாப்பிடுகிறார். உயரத்தின் மேல் அவருக்கு ஆசை, சாமியின் மேல் பயம். இரண்டையும் தன் செலவில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான். கரையை விட்டு மனிதர்களைக் கிளப்பியவர்களில் எத்தனை பேர் இதற்கு மேல் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்?

“வாக்குக் குடுத்தீங்களேண்ணே,” என்றாள் ஜெப்சி.

“குடுத்தேன் தாயி. இப்ப சாமி காரியமாயிருச்சே.”

“சாமி எங்கண்ணே எடம் கேட்டுச்சு? எடம் கேக்குறது உங்க நாப்பதாவது மாடி.”

அவர் காதில் வாங்கவில்லை. அவள் தொழில் முறையில் கடைசியாக ஒன்று சொன்னாள். கரைப் பலகை இருப்பது தண்டவாளம் வளைகிற இடத்தில். நீளமான பெட்டி வளையும்போது அதன் வயிறு உள்பக்கம் தள்ளும். தாழ்ந்த வீடுகள் என்பதால் இதுவரை இடிக்கவில்லை. மேடு வந்தால் உரசும்.

“ஒரசாது. சாமி பாத்துக்குவாரு.”

“அப்ப மேட்டையும் அவரையே போடச் சொல்லுங்க,” என்று பையைத் தூக்கிக்கொண்டாள். கரைப் பலகையை அவளும் நஸீஹாவும் இரு முனையில் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். பந்தல் போடும் சின்னக்கருப்பன் வந்து, கம்பி வலை கட்டி, பிளாஸ்டர் பூசி மேட்டை எழுப்பினான்.

திறப்பு விழாவில் தேங்காய் உடைந்தது, சூடம் எரிந்தது, ரயில் பாலத்தை அழகாகக் கடந்தது. வளைவில் முதல் பெட்டி மேட்டில் உரசிக் கவிழ்ந்தது. தூக்கி வைத்தார்கள். மறுபடி கவிழ்ந்தது. இன்னொரு தேங்காய் உடைத்தார்கள்; அதற்கும் கவிழ்ந்தது. ஜெப்சிக்கு ஆள் போனது. வந்து பார்த்தாள்.

“மேட்ட எடுத்துட்டுக் கரைய வைங்க. இப்பவே ஓடும்.”

“கோபுரத்த எறக்கச் சொல்றியா? நாக்கு அழுகிரும்!”

“அப்ப மாடியக் கொறைங்க. மேடும் தேவைப்படாது.”

“அது முடியாதுன்னு எத்தன தடவ சொல்றது?”

கூத்தையா கவிழ்ந்த பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, பெரிய தத்துவம் ஒன்று பிடிபட்டவர் போல முகம் மலர்ந்து, “ஏலே, பெட்டியெல்லாம் கழட்டுங்கடா!” என்றார்.

இஞ்சின் நீளத்தில் குட்டை, அது உரசவில்லை. தனியாகக் கூவிக்கொண்டு சுற்றியது. கூட்டம் கைதட்டியது, செல்பி எடுத்தது. ஆளை ஏற்றாத ரயில், ஆள் இல்லாத கரை, எல்லாவற்றுக்கும் மேலே மேடேறிய கோபுரம். ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. ஜெப்சி தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கரைப் பலகை இப்போது தங்கச்சிமடத்தில் மீன் ஏலக்கூடத்தில் ஒரு மேசைமேல் இருக்கிறது. ஏலம் முடிந்தவர்கள் குனிந்து, தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள். “எங்க வீட்டுக்கு வாசல் தெக்க பாத்துல்ல இருக்கு?” என்று ஜெப்சியிடம் சண்டைக்கு வருகிறார்கள். அவளும் திட்டிக்கொண்டே திருத்திக் கொடுக்கிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடல் தெரியும் வீடு என்று யாராவது உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினால், மாடியை எண்ணாதீர்கள். கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற பச்சைத் தூளின்மேல் விரலை வையுங்கள். “இங்கே இருந்தவர்கள் எங்கே?” என்று, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகக் கேளுங்கள்.