அலை உடையாத இடம்

போன கோடையில் பழனிசெட்டிபட்டியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் மொட்டை போடுவதாக வேண்டுதல். மொட்டை அடித்த கையோடு கடலில் முங்கி எழ வேண்டும் என்றார். முல்லைப் பெரியாற்றில் நீந்தி வளர்ந்தவர் என்கிற பெருமை வேறு.

கரையெங்கும் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகக் கிடந்தது. அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"இங்கன பாரு, நம்ம வைகை அணைத் தண்ணி மாதிரி கெடக்கு. இங்கனயே முங்கிர்றேன்."

எங்களுக்கு அமைதியான தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர். கடலில் கணக்கு வேறு என்பது இப்போதுதான் தெரியும். எங்கள் பள்ளத்தாக்கில் ஓட்டுக்கூரையைத் தூக்குகிற காற்று, நடுக்கடலில் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்புகிறது. வழி நெடுக அலைதான் பயணம் போகிறது. தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. கரையருகே அலை உடையும்போதுதான் தண்ணீர் வந்து குவிகிறது. குவிந்தது திரும்பிப் போக வேண்டுமே? ஆழமான பள்ளமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஆழத்தில் அலை உடைவதில்லை. அதனால்தான் அந்த இடம் அவ்வளவு சாதுவாகத் தெரிந்திருக்கிறது.

முங்கி எழுந்தவர் கடலுக்குள் தள்ளிப் போயிருந்தார். அடுத்த பார்வைக்கு மொட்டைத்தலை மட்டும் தெரிந்தது.

"அண்ணே, நேரா இங்கன வாண்ணே!" என்று கூட வந்திருந்த நாத்தனார் கத்தினாள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். மனுஷன் காதில் வாங்கவே இல்லை. கரையோரமாகவே பக்கவாட்டில் நீந்திக்கொண்டிருந்தார். உயிர் போகிற நேரத்திலும் தன்னிஷ்டம்தானா என்று ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு விட்டது. அலை உடைகிற பக்கம் வந்தவரை அந்த அலைகளே கரைக்குத் தள்ளின. வெகுதூரம் தள்ளி, மணலில் கையூன்றி எழுந்தார். "வந்துட்டாக, வந்துட்டாக" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினேன். போன உயிர் திரும்பி வந்தது.

"நேரா வாங்கன்னு அம்புட்டுக் கத்துனமே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு" என்றார் மூச்சு வாங்க. "ஆத்துல இழுத்தா எவனாச்சும் எதுத்து நீந்துவானா? குறுக்கதான் போகணும்."

சொன்ன பேச்சைக் கேட்காத மனுஷன் என்று கல்யாணமான நாளிலிருந்து மாதாவிடம் புகார் சொல்லி வந்தவள் நான். அன்று கோயிலில் முழங்காலிட்டு அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.