ஏழாம் காம்பராவில் இல்லாத பேச்சியம்மா

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம் என்பதால்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டின் மூன்றாம் காம்பராவில், ஒற்றை அறையில், குடியிருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தி, பிபிலைப் பக்கம் காட்டை எரித்துப் பயிரிடும் சேனைக் காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அங்கே சித்தப்பாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. அதே காய்ச்சலோடு சித்தி எங்களிடம் வந்து சேர்ந்தாள். தோட்டத்துப் பதிவில் அவள் பெயர் இல்லை. பிரஜாவுரிமை மனுக்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகிக்கொண்டிருந்த காலம் அது. தாள் இல்லாதவர்களைக் கள்ளத்தோணி என்று பொலிஸ் பிடித்துப்போகும், அவர்களை வீட்டில் வைத்திருந்தவர்களைத் தோட்டத்தைவிட்டே விரட்டுவார்கள் என்று லயமெல்லாம் பேச்சு.

கீழ் டிவிசனில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவர் மலேரியாத் தொண்டராக இருந்தார். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தகரப்பெட்டியோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வருவார். காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிச் சோதனைக்குப் பதுளைக்கு அனுப்புவார். கையோடு இரண்டு மாத்திரையும் கொடுப்பார். ஆனால் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். அம்மாவுக்கு மாத்திரை வேண்டியிருந்தது. பெயரைக் கொடுக்கத்தான் பயம். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியையும் என்னையும் களத்துக்குக் கூட்டிப்போனாள்.

“பேரு என்னாங்க?” என்று தொண்டர் சித்தியைக் கேட்டார்.

“பேச்சியம்மாங்க,” என்று சித்தியை முந்திக்கொண்டாள் அம்மா.

“காம்பரா?”

“ஏழுங்க.”

“அம்மா, நம்ம மூணுல்ல?” என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தேன். அவள் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றியிருந்தது. வீட்டுக்கு வந்ததும், “யாரு கேட்டாலும் சித்தி இங்க இல்ல. வெளங்குதா?” என்றாள்.

அந்த மாத்திரையில் காய்ச்சல் விட்டது. சித்தி எழுந்து ரொட்டிகூடச் சுட்டாள். பத்தாம் நாள் மறுபடியும் நடுக்கம் கண்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, கவ்வாத்து முடிந்த பகல் வேளையில், தொண்டர் ஒரு பொட்டலத்தோடு லயத்துக்கு வந்தார். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். ஏழாம் காம்பராவில் தனியாக இருந்த கிழவர் சிரித்துவிட்டார்.

“பேச்சியம்மாவா? அப்புடி ஒருத்தி இருந்தா நான் ஏன்யா கஞ்சி காய்ச்சுறேன்? கண்டா கூட்டிட்டு வா, கட்டிக்கிறேன்.”

“சிரிக்காதீங்க பெரியவரே. ரத்தத்துல மலேரியா இருக்குன்னு பதுளையிலருந்து சொல்லியிருக்கு. இத முழுசாச் சாப்புடாட்டி ஆளு தங்காது.”

ஒவ்வொரு கதவாகத் தட்டி எங்கள் வாசலுக்கு வந்தார்.

“தம்பி, பேச்சியம்மான்னு யாராச்சும் இருக்காங்களா?”

“இல்லீங்க.”

“உள்ள காய்ச்சல்காரங்க யாரும்?”

“யாருமே இல்லீங்க.”

மறுநாளும் வந்தார். மறுநாளும் அதையே சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னதில் எனக்குப் பெருமை. அம்மாவிடம் ஒப்பித்தபோது அவள் என் தலையைத் தடவி, ஒரு துண்டு கருப்பட்டி தந்தாள். ஞாயிற்றுக்கிழமை தானே அவரைப் போய்ப் பார்ப்பதாகச் சித்தியிடம் சொன்னாள். சனிக்கிழமை விடியும்போது சித்திக்கு நினைவில்லை. மதியத்துக்குள் போய்விட்டாள்.

அடக்கத்துக்குத் தொண்டரும் வந்தார். முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவிடம், “எங்கிட்டச் சொல்லியிருந்தா, பேரே எழுதாமக் குடுத்திருப்பேனே அக்கா,” என்றார். அதன்பின் அம்மா எந்தக் காய்ச்சலுக்கும், யார் கேட்டாலும், எங்கள் பெயர்களைச் சரியாகச் சொன்னாள். அந்த இரண்டு நாட்களைப் பற்றி என்னிடம் சாகும்வரை கேட்டதில்லை.

கேட்டிருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். தொண்டர் வாசலில் நின்றபோது சித்தி விழித்துத்தான் இருந்தாள். ஆளு தங்காது என்று அவர் கிழவரிடம் சொன்னதுகூட அவள் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். கம்பளியின் ஓரத்தை வாய்க்குள் திணித்து, பல் கிடுகிடுக்கும் சத்தம் வெளியே கேட்காதபடி கடித்துக்கொண்டிருந்தாள். குளிருக்குத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன்.

1993 மார்ச் 14